கார்ட் பந்தயம் பட்டறையில் பிறந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கார்ட் என்கிற, தரையை ஒட்டி ஓடும் குட்டித் திறந்த வண்டிகளின் பந்தயம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் முதல் பத்தியிலேயே சறுக்கிவிட்டார் கட்டுரையாளர். ஃபார்முலா ஒன்னுக்குப் பையன்களைத் தயார்செய்ய ஐரோப்பாவில் உருவாக்கிய விளையாட்டு என்கிறார். முப்பத்தைந்து வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கார்ட் பிறந்தது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில். செய்தவர் ஆர்ட் இங்கெல்ஸ். க்ளெண்டேல் ஊரில் கர்டிஸ் கிராஃப்ட் என்ற பந்தயக் கார் பட்டறையில் ஃபேப்ரிகேஷன் வேலை பார்த்தவர். அது சாதாரணப் பட்டறை இல்லை. அமெரிக்காவின் பெரிய கார் பந்தயம் இண்டியானாபொலிஸ் 500. 1950 முதல் 1955 வரை நடந்த அந்த ஆறு பந்தயங்களில் ஐந்தை ஜெயித்தவை அங்கே செய்த கார்கள். பகலெல்லாம் வேறு யாரோ உட்கார்ந்து ஓட்டப்போகிற காருக்குக் குழாய் வளைத்து வெல்டு வைத்துக்கொண்டிருந்த மனிதர், 1956-இல் தனக்கென்று ஒன்று செய்துகொண்டார். இரும்புக் குழாயில் ஒரு சட்டம், நாலு குட்டிச் சக்கரம், புல்வெட்டும் மெஷினுக்காகச் செய்து மிஞ்சிப்போன வெஸ்ட் பெண்ட் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று. அதன் சக்தி வெறும் இரண்டரை ஹெச்.பி. இங்கெல்ஸ் வாட்டசாட்டமான ஆள். அவரை இழுக்க எஞ்சின் திணறியிருக்கிறது. கூட்டாளி லூ பொரெல்லி எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து வேகம் கூட்டியிருக்கிறார். வேகம் கூட்ட ஆர்எக்ஸ் 100 பைக் சிலிண்டரின் போர்ட் துவாரங்களை ராவிப் பார்த்தவர்களுக்கு அந்த ராத்திரி வேலையின் ருசி தெரியும்.

இதில் சிறுவர்கள் எங்கே வந்தார்கள்? பொமோனாவில் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் நடந்தபோது இங்கெல்ஸ் தன் வண்டியை அங்கே கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார். அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் வளர்ந்த ஆம்பளைகள். அவர்களில் ஒருவர் டஃபி லிவிங்ஸ்டோன். சைலன்சர் கடை வைத்திருந்தவர், தானே செய்த வண்டியில் பந்தயமும் ஓட்டியவர். அவரும் கடைப் பங்குதாரர் ராய் டெஸ்பிரோவும் ஆளுக்கொரு வண்டி செய்துகொண்டார்கள். பாசடீனாவில் ரோஸ் பௌல் ஸ்டேடியத்தின் பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர்ந்தது. அங்கிருந்து கிளப்பிவிட்டதும் வெஸ்ட் கோவினாவில் ஒரு ஷாப்பிங் சென்டர் பார்க்கிங்குக்குப் போனார்கள். 1957 கடைசியில் சங்கம் வைத்து, விதிமுறை எழுதிக்கொண்டார்கள். பந்தயம் என்று சொல்லும்படியானது அப்போதுதான்.

லிவிங்ஸ்டோனும் டெஸ்பிரோவும் பில் ரவுல்ஸ் என்ற வியாபாரியும் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள். கார்ட்டை 129 டாலருக்குப் பாகங்களாக விற்றார்கள். வாங்குபவர் வீட்டிலேயே பூட்டிக்கொள்ள வேண்டும். இங்கெல்ஸும் பொரெல்லியும் கரேட்டா என்ற பெயரில் பின்னால் வண்டி விற்றார்கள், ஆனால் சந்தை அதற்குள் மற்றவர் கைக்குப் போயிருந்தது. செய்தவன் ஒருவன், பேர் வாங்கியவன் ஒருவன் என்பது நம் ஊர்ப் பட்டறைகளிலும் பார்த்த கதைதான். 1959-இல் மரம் அறுக்கும் ரம்பத்தின் எஞ்சினை மாற்றி, கார்ட்டுக்கென்றே எம்சி 10 என்ற எஞ்சினை மெக்கல்லக் கம்பெனி கொண்டுவந்தது. அதற்குப் பிறகு புல்வெட்டி எஞ்சினை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'கோ கார்ட்' என்பது பழைய சொல். குழந்தை பிடித்து நடக்கிற நம் நடைவண்டிக்கு அந்த ஊரில் அதுதான் பேர். லின் வைன்லேண்ட் என்ற பத்திரிகைக்காரர் 'சி'யை எடுத்துவிட்டு 'கே' போட்டு இந்த வண்டிக்குச் சூட்டிவிட்டார். இவ்வளவு பொருத்தமான கிண்டல் நமக்கு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

கட்டுரையாளர் கார்ட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாரா? போன வருஷம் பேரன் என்னைப் பிடித்து உட்காரவைத்தான். தரைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே நாலு விரல்கடை இடைவெளி. ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. குழாய்ச் சட்டம் முறுக்கிக்கொடுப்பதுதான் சஸ்பென்ஷன். பின் ஆக்சில் ஒரே கம்பி, இரண்டு சக்கரத்தையும் வேறுவேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் இல்லை. அதனால் வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். சட்டம் ரொம்ப விறைப்பாக இருந்தாலும் கெட்டது, தொளதொளவென்று இருந்தாலும் கெட்டது. இது குழாயை வளைத்துப் பழகிய கைக்காரன் யோசனை. இறங்கிய பிறகு அரைமணி நேரம் எனக்கு உள்ளங்கை மரத்துக் கிடந்தது.

ஐரோப்பாவுக்கு இது பின்னால் போன சரக்கு. பிரிட்டனுக்குக் கொண்டுபோனவர்கள் அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்க விமானப்படைக்காரர்கள். 1962-இல் கார்ட் பந்தயத்துக்கென்று சர்வதேசக் குழு அமைந்தது. 1964-இல் ரோமில் முதல் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றவர் இத்தாலியின் குவிடோ சாலா. 1966-இல் அதே பட்டத்தை வென்றவர் ஒரு பெண், சுசானா ரகனெல்லி. பின்னாளில் ஃபார்முலா ஒன் வீரரான ரோனி பீட்டர்சன் அந்த வருஷம் மூன்றாம் இடம். உங்கள் கட்டுரையில் ரகனெல்லியின் பெயரே இல்லை. ஃபார்முலா ஒன் சாம்பியன் அயர்டன் சென்னாவுக்கு மட்டும் ஒரு பக்கம். அவருக்கோ 1979, 1980 இரண்டு வருஷமும் கார்ட் உலகப் பட்டம் கைக்கு எட்டவில்லை, இரண்டாம் இடம்தான். அதையாவது சொல்லியிருக்கலாம்.

எங்கள் கோவையில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார் செய்த கரிவர்தனின் பெயரில் செட்டிபாளையத்தில் கார் பந்தய ஓடுபாதை இருக்கிறது. அங்கே போகிறவர்களுக்கு அவர் யார் என்று தெரியும். இங்கெல்ஸுக்கு அந்தக் கொடுப்பினையை உங்கள் வாசகர்களிடமாவது ஏற்படுத்திக் கொடுங்கள். அந்தப் பெரிய உருவம் முழங்காலை மடக்கிக் குட்டி வண்டியில் அடைந்து உட்கார்ந்திருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. திருத்தம் போடும்போது அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய லேத் பட்டறைக்காரன்,
சிங்காநல்லூர், கோவை.