ஃபார்முலாவை எழுதித் தரச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்த பிராண்டில் சோப்பு, ஷாம்பு விற்கும் பெண்களைப் பற்றி உங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெயரும் லேபிளும் நம்முடையதாக இருந்தால் போதும், மீதியைத் தொழிற்சாலைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று அதில் ஒருவர் ஆலோசனை கூறியிருக்கிறார். கோபிசெட்டிபாளையத்திலிருந்து அரப்பு ஷாம்புவும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் சொந்தப் பெயரில் விற்று வருகிறேன். இந்த ஆலோசனையை நம்பி யாரும் முன்பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அரப்பை அரைத்துச் சொந்தபந்தங்களுக்குக் கொடுப்பது காலங்காலமாக இருக்கிற பழக்கம். அதையே விலை போட்டு விற்கும்போது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் குறுக்கே வந்து நிற்கும். குளியல் சோப்பும் அதில் அடங்கும். 2020இல் வந்த அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, தயாரிப்பவரிடம் சிஓஎஸ்-8 உரிமம் இருக்க வேண்டும். பிறருடைய ஆலையில் நம் பெயரிலேயே உரிமம் எடுத்துத் தயாரிப்பதற்கு சிஓஎஸ்-9 என்ற லோன் லைசென்ஸ் இருக்கிறது. இரண்டையும் நம் மாநிலத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான் வழங்குகிறது.

உரிமத்தைக் காட்டுங்கள் என்றால் ஜிஎஸ்டி சான்றிதழையும் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவையும் எடுத்து நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை சாதாரணக் கடைக்காரரிடமும் இருக்கலாம். உண்மையான உரிமத்தைக் காட்டினாலும், அதனுடன் உள்ள பொருட்களின் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பவுடருக்கு அனுமதி வாங்கிய இடத்தில் நம் ஷாம்புவைத் தயாரித்துக் கொடுத்தால், நாளைக்கு ஆய்வாளர் வந்து கேட்கும்போது லேபிளில் இருப்பது நம் பெயர்.

எங்களுக்கு முதலில் தயாரித்துத் தந்தவர்கள் கொடுத்த மாதிரி அருமையாக இருந்தது. கெட்டியாக, அரப்பின் பச்சை வாசனையோடு, கையில் ஊற்றினால் நின்று இறங்கியது. அதை நம்பி ஆர்டர் கொடுத்தோம். வந்த சரக்கோ சித்திரை வெயிலில் தண்ணீராக ஓடியது. மூடியைத் திறந்ததும் பாதி பாட்டில் கொட்டிவிடுகிறது என்று ஈரோட்டுக் கடைக்காரர் பெட்டியோடு திருப்பி அனுப்பினார். வேதியியல் படித்த ஒருவரிடம் காட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. இந்த வகை ஷாம்புவில் நுரைக்காகச் சேர்க்கும் மூலப்பொருளோடு சாதாரண உப்பைச் சேர்த்தால் கெட்டிப்படும். ஓர் அளவைத் தாண்டினால் அதே உப்பு நீர்க்கச் செய்துவிடும். வாசனைத் திரவியத்தை மாற்றினாலும் அந்த அளவு மாறும். எங்களைக் கேட்காமல் விலை குறைந்த வாசனையை ஊற்றியிருக்கிறார்கள். அது இளகியதும் உப்பைக் கொட்டிக் கெட்டியாக்கப் பார்த்திருக்கிறார்கள். எது எத்தனை சதவீதம் என்று எழுதிக் கேட்டோம். அது தங்கள் தொழில் ரகசியம் என்றார்கள். தலையில் தேய்த்துக்கொள்கிறவர் என்னிடம் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

ஆகவே புதிதாக வருகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் ஃபார்முலாவைப் பற்றிப் பேசுங்கள். அது யாருடையது, அவர்கள் அதையே இன்னொரு பெயரில் விற்கலாமா, ஒரு மூலப்பொருளை மாற்றினால் நம்மிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குவார்களா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பேட்சுக்கும், அதாவது ஒரே தடவையில் தயாரிக்கும் சரக்குக்கும், பரிசோதனை அறிக்கை தர வேண்டும். அந்தப் பேட்சில் சில பாட்டில்களைச் சீல் வைத்து, பயன்படுத்தும் காலம் முடியும்வரை அவர்களும் வைத்திருக்க வேண்டும், நாமும் வைத்திருக்க வேண்டும். தகராறு வந்தால் அந்தப் பாட்டில்கள்தான் சாட்சி. இப்போது எங்களுக்குத் தயாரிக்கிறவர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான், மனநிம்மதியோடு விற்கிறோம்.

'கெமிக்கல் கலக்காதது' என்று லேபிளில் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆசை காட்டுகிறவர்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எண்ணெயில் தண்ணீர் இல்லை, அதனால் பெரிய பயமில்லை. தண்ணீரும் இலைச்சாறும் சேர்ந்த ஷாம்புவில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லையென்றால் கிருமியும் பூஞ்சையும் வளரும். நாங்கள் சோடியம் பென்சோயேட் சேர்க்கிறோம், அதை லேபிளிலும் போடுகிறோம். அமிலத்தன்மை சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அதைக் காட்டும் எண்தான் பிஎச், அது ஏற ஏற அமிலத்தன்மை குறையும். பிஎச் 5.5க்கு மேல் போனால் போட்டும் பயனில்லை. அதனால் அறிக்கையில் முதலில் பிஎச் அளவையும் கிருமிப் பரிசோதனையையும்தான் பார்ப்பேன்.

தொழிற்சாலைக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 50 லிட்டர் செய்து தாருங்கள் என்று கெஞ்சுகிறோம். அவர்களிடம் இருப்பது 500 லிட்டர் கலன் என்றால், அந்தக் கொஞ்சச் சரக்குக்குக் கலக்கியின் இறக்கை எட்டாது. நூறு மில்லி பாட்டிலில் அடைத்தால் 500 லிட்டர் என்பது 5,000 பாட்டில். புதிதாகத் தொடங்குகிற பெண் அத்தனையையும் எங்கே கொண்டுபோய் விற்பாள்? சிறிய கலன் வைத்திருப்பவர் யார் என்று தெரியாமல்தான் பலர் உரிமமே இல்லாத கொட்டகைகளில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

சுயதொழில் கூட்டங்களில் கடலூர்க் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்ததும், அவர் மகனும் கெவின்கேர் நிறுவனருமான சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயில் தனியாகத் தொழில் தொடங்கியதும் நாம் பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனால் அவர் தந்தையின் தொழிலைப் பார்த்து வளர்ந்தவர், குடும்ப நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். அந்தப் பின்னணி இல்லாத பெண்களுக்கு வெறும் 15,000 ரூபாய்க் கணக்கை மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமாகப் படவில்லை.

மாவட்டத் தொழில் மையங்கள் கடனுக்கான பயிற்சி தரும்போது, ஓர் அரை நாளை ஒதுக்கி மருந்து ஆய்வாளர் ஒருவரை அழைத்து, உரிமத்தையும் பரிசோதனை அறிக்கையையும் எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர வேண்டும். அந்தந்த மாவட்டத்தில் உரிமம் பெற்று, சிறிய ஆர்டரும் எடுக்கிற தயாரிப்பாளர்களின் பட்டியலை அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். எந்த ஆலைக்கு எந்தெந்தப் பொருளுக்கு அனுமதி, கலனின் கொள்ளளவு என்ன என்பதும் அதில் இருக்கட்டும். தொழில் துறையிடம் இதை உங்கள் நாளிதழ் வாயிலாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.