புன்னைப் பருப்பு சிவக்கும் வரை

தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பா,

நீ நாகப்பட்டினத்திலிருந்து அனுப்பிய இரண்டு மூட்டைப் புன்னைக்கொட்டைக்கும் ஒரு முடிவு தெரியட்டும் என்று காத்திருந்ததில், பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. முதல் மூட்டையை நான் வீணாக்கிவிட்டேன். மன்னித்துவிடு.

ஓட்டை உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று பருப்பு. அப்படியே எண்ணெய் பிழியும் மெஷினில் கொட்டினேன். ஸ்க்ரூவைச் சுற்றி மாவாக அப்பிக்கொண்டதே தவிர எண்ணெய் இறங்கவில்லை. வேகத்தைக் குறைத்து, மெஷினின் வாயை இறுக்கி, இரண்டு நாள் போராடினேன். காசிமேட்டில் ஒரு காலத்தில் மரப்படகுகளுக்குப் புன்னை எண்ணெய் பூசிய பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "பச்சைப் பருப்புல எண்ணெய் ஏதுப்பா? செவக்க விடு" என்றார்.

இரண்டாவது மூட்டையை நறுக்கி மொட்டை மாடியில் காயவைத்தேன். ஆறு வாரம்! இங்கே பகலில் காய்வதை ராத்திரி கடல்காற்று நனைத்துவிடுகிறது. சாயங்காலமே அள்ளி அறைக்குள் பரப்புவேன்; குவித்தால் பூஞ்சை பிடிக்கும். வெள்ளை மஞ்சளாகி, கடைசியில் செம்பழுப்பாகி, விரலில் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

ஒரேயடியாகக் காய்ந்தாலும் ஆகாது. மெஷின் அடைத்து, சூடு ஏறிவிடும். ஈரம் எவ்வளவு மிச்சம் என்று அறிய, 100 கிராம் பருப்பை மட்டும் 105 டிகிரி அடுப்பில், எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை வைத்துப் பார்க்கிறேன். 6 முதல் 8 கிராம் குறைந்தால் ஆட்டலாம். பருப்பு வழுக்கினால் பழைய பிண்ணாக்கைக் கொஞ்சம் கலந்தால் பிடிமானம் கிடைக்கிறது. 10 கிலோ பருப்புக்கு 4.5 கிலோ எண்ணெய் வந்தது. பருப்பை வறுத்தால் இன்னும் இறங்கும்தான், ஆனால் எனக்கு அதில் விருப்பம் இல்லை. அடுத்து வேப்பங்கொட்டையும் ஆட்டப்போகிறேன். அதில் சூடு ஏறினால் பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் சிதைந்துவிடும். குளிரப் பிழிவதையே பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று மறக்காதே. உங்கள் ஊரில் நல்லெண்ணெய் ஆட்டும் செக்கில் புன்னையைப் போட்டுப் பார்க்காதே. இது சாப்பிட உதவாத எண்ணெய். தனி மெஷின்தான் சரி.

அம்மாவின் முட்டிக்கு ஒரு பாட்டில் எடுத்துவைத்திருக்கிறேன். பச்சையாக, கெட்டியாக இருக்கும். வண்டல் அடங்கியதும் துணியில் வடிகட்டி அனுப்புகிறேன். முதலில் கையில் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல். அப்புறம், அடுத்த மூட்டையை மழைக்கு முன்னாலேயே அனுப்பிவிடு. இங்கே ஐப்பசியில் மாடியில் எதுவும் காயாது.

அன்புடன்,
உன் நண்பன்