அந்தச் சந்தூக்கு அறையை எங்களுக்குத் தாருங்கள்

எங்கள் பள்ளிவாசல் முத்தவல்லி அவர்களுக்கும் நிர்வாகக் கமிட்டியாருக்கும் ஜமாஅத்தார் அனைவருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு மேல்தளக் கட்டட நிதிக்கு அறிவிப்புச் செய்தீர்கள். அன்று விடுப்பில் இருந்தேன், அடுக்களையில் நின்றபடியே கேட்டேன். என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த தொகையில் என் சம்பளமும் இருக்கிறது. மனம் நிறைந்துதான் கொடுத்தோம். கம்பி கட்டி கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒரு கோரிக்கையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்: ஜனாஸா தூக்குகிற சந்தூக்குப் பெட்டி கிடக்கிற அறையைப் பெண்கள் தொழுவதற்குத் தாருங்கள்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு, தெற்கே போகிறவர்கள் நம் பகுதி வழியாக நிறைய வருகிறார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், அந்தித் தொழுகையான மஃரிப் நேரம். கதவைத் தட்டிய மோதினார் பாய் பின்னால் ஒரு பெரியம்மாவும் அவர் மகளும், ஆளுக்கொரு கட்டைப்பையோடு நின்றார்கள். "பரமக்குடிக்குப் போறவங்கம்மா. பஸ்ஸுக்கு நேரமிருக்கு, தொழணுங்கறாங்க. நம்ம பள்ளிவாசல்ல பொம்பளைங்களுக்கு இடமில்லையே, அதான் கூட்டியாந்தேன்" என்றார். அவருக்குப் பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது, ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் போனார். பெரியம்மா என் குளியலறையில் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் முஸல்லாவை விரித்துத் தொழுதார். கைகால் எல்லாம் ஈரம். தொழுது முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் வீடு பக்கத்துல இருந்துச்சு, தப்பிச்சேன். இல்லாட்டி களாவாப் போயிருக்கும்மா" என்று சொன்னார்.

ஒரு முஸ்லிம் பெண் ஒரு முஸ்லிம் ஊரில், பள்ளிவாசலுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, தன் தொழுகை நேரம் தவறிக் களாவாகிவிடுமோ என்று பயந்திருக்கிறார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பெண்கள் வீட்டில் தொழுவதே சிறந்தது என்று ஹஜ்ரத்மார்கள் பயானில் சொல்கிறார்கள். அதற்கு ஹதீஸ் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. என் நன்னி எழுபது வயதுவரை பள்ளிவாசல் படி மிதித்ததில்லை, ஒரு வக்துத் தொழுகையை விட்டதுமில்லை. அவருக்கு ஐந்து வக்தும் வீட்டில்தான் வந்தது. எங்களுக்கு அப்படி இல்லையே. எனக்கு எழும்பூரில் கணக்கர் வேலை. டிசம்பர் மாதம் மஃரிப் பாங்கு ஐந்தே முக்காலுக்குச் சொல்லிவிடுவார்கள். அலுவலகம் விடுவது ஐந்தரைக்கு. மின்சார ரயில் வண்டலூரைத் தாண்டும்போது ஏழு மணி, இரவுத் தொழுகையான இஷா நேரம் வந்துவிடும். அலுவலகக் கழிப்பறையின் கை கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்து ஒளுச் செய்து, மாடிப்படித் திருப்பத்தில் துப்பட்டாவை விரித்துத் தொழுதிருக்கிறேன். என் மகள் துணிக்கடையில் சுடிதார் போட்டுப் பார்க்கும் அறைக்குள் தொழுதிருக்கிறாள். வெளியே ஆள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம்.

என் தொழுகை எழும்பூரில் தப்புகிறது. நம் பகுதிக்கு வேலைக்கும் படிப்புக்கும் வருகிற பெண்களின் தொழுகை நம் வாசலில் தப்புகிறது. ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள், கம்பெனிகள். அங்கே படிக்கிற, வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேர்! வீட்டில் தொழுவது சிறந்ததுதான். அந்த நேரத்தில் வீட்டில் இல்லாதவள் எங்கே தொழுவாள்? இதே நிலையில் இருக்கிற ஆணுக்குப் பள்ளிவாசல் இருக்கிறது. லாரி ஓட்டுகிற பாய் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து தொழுதுவிட்டுப் போகிறார். அவர் யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்படி ஓர் இடத்தைத்தான் பெண்களுக்கும் கேட்கிறேன்.

"அல்லாஹ்வின் பெண்ணடியார்களை அல்லாஹ்வின் பள்ளிவாசல்களுக்கு வரவிடாமல் தடுக்காதீர்கள்" என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே, பெண்கள் பள்ளிவாசலுக்குள் சென்று தொழ அனுமதி உண்டு, அங்கே இருக்கிற வசதியைப் பயன்படுத்திக்கொள்வது அவர்கள் விருப்பம் என்று உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. ஆகவே, வசதி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. காயல்பட்டினத்தில் பெண்கள் தொழுவதற்கென்றே தைக்காக்கள் பல உண்டு. ஹஜ்ஜுக்குப் போன நம் ஜமாஅத்துப் பெண்கள் மக்காவிலும் மதீனாவிலும் ஜமாஅத்தோடு நின்று தொழுதுவிட்டுத்தான் வந்தார்கள். ஏன், நம் தெருவிலேயே ரமலானில் ஒரு வீட்டு ஹாலில் பெண்களுக்குத் தராவீஹ் இரவுத் தொழுகை நடக்கிறது, அதற்குப் பாய் வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தான்! அந்தப் பாய்கள் மற்ற பதினொரு மாதமும் பரணில் கிடக்கின்றன.

இந்தப் பள்ளிவாசல் எங்களுக்கு அந்நியமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1986இல் இது கீற்றுக் கொட்டகை. எனக்கு ஆறு வயது. உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் அம்மா அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, "பிஸ்மில்லாஹ்" சொல்லித் தனிப் பானையில் போடுவார். வாரா வாரம் வியாழக்கிழமை அப்போதைய மோதினார் சாக்கோடு வருவார். பானையைக் கவிழ்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு. புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் கலந்திருக்கும். எங்கள் வீட்டில் கஞ்சி மட்டும் காய்ச்சிய நாட்களிலும் அந்தப் பிடியை அம்மா எடுக்காமல் விட்டதில்லை. அந்த அரிசியில்தான் இமாமுக்கு உலை வெந்தது, மிச்சத்தை ஏலம் விட்டு ஓடு வாங்கிப் போட்டார்கள். இப்போதும் நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி பூண்டு உரித்து, தேங்காய் துருவி அனுப்புவது எங்கள் வீடுகள்தாம். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது என் வயிறே நிறைந்துவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முடிச்சூர் பக்கம் தண்ணீர் ஏறியபோது நம் பள்ளியைத் திறந்து விட்டீர்கள். கைக்குழந்தைக்காரிகள், வயதானவர்கள், இந்துப் பெண்கள், கிறிஸ்தவப் பெண்கள் எல்லாரும் மூன்று ராத்திரி அந்தத் தொழுமிடத்துக்குப் பின்னால் படுத்திருந்தார்கள். முத்தவல்லி அவர்களே, அவர்களுக்குத் திரை கட்டிவிட்டது உங்கள் கைதான். அன்றைக்கு இடம் இருந்தது.

நான் மேல்தளத்தைக் கேட்கவில்லை. கிழக்குப் பக்கம், சந்துக்குள் திறக்கிற அந்த அறையைத்தான் கேட்கிறேன். சந்தூக்கும் கஞ்சி அண்டாக்களும் பழைய மின்விசிறிகளும் கிடக்கிற அறை. என் மகனை விட்டு அளந்து பார்த்தேன். பதினான்கடிக்குப் பத்தடி. மேற்கே பார்த்து வரிசைக்கு ஏழு பேர், இரண்டு வரிசை நிற்கலாம். ஆண்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது, வாசலும் தனி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கழிப்பறை, உட்கார்ந்து ஒளுச் செய்ய இரண்டு குழாய், இமாமின் ஓசை கேட்க ஒரு ஸ்பீக்கர், உள்ளிருந்து போடுகிற தாழ்ப்பாள். இவ்வளவு போதும். சந்தூக்கைப் புது மாடிப்படிக்கு அடியில் வைக்கலாம். ஜனாஸாவுக்கு எடுக்க அதுதான் இன்னும் வசதி.

பெண்கள் வந்து கூட்டம் போட்டுப் பேசுவார்கள், குழப்பம் வரும் என்று சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். சாவியை ஒரு பொறுப்பான ராத்தாவிடம் கொடுங்கள். பெருக்குவது, பாய் விரிப்பது, கழிப்பறை கழுவுவது எல்லாம் எங்கள் பொறுப்பு, நாங்கள் எட்டுப் பேர் முறை போட்டுக்கொண்டோம். குழாய்ச் செலவுக்குப் பிடி அரிசி மாதிரியே வீட்டுக்கு வீடு சேர்க்கத் தொடங்கிவிட்டோம். யாரையும் ஜும்ஆவுக்கு வா என்று கட்டாயப்படுத்தவும் போவதில்லை. வருகிறவள் தொழுதுவிட்டுப் போகட்டும்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு பொதுக்கூட்டம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. இந்த மடலை அங்கே வாசியுங்கள். ஹஜ்ரத் அவர்களின் கருத்தையும் கேளுங்கள், அவர் கேட்கிற எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். முடிவைக் கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. தரை பூசுவது அடுத்த மாதம் என்று மேஸ்திரி சொல்கிறார். அதற்குள் என்றால் தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் தரைக்கு அடியிலேயே கொண்டுபோய்விடலாம், பிறகு உடைக்க வேண்டியிருக்காது.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
பானையைக் கவிழ்த்துக் கொடுத்த சிறுமி, இன்று உங்கள் ஜமாஅத்தில் ஒரு குடும்பத்தலைவி