காட்சிப் பலகையும் நாமும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது; இரண்டு முறை மட்டும் போதிய வருகை இல்லாமல் ஒத்திவைத்தோம். மாணவர் வழிகாட்டல் வகுப்புகள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தையும் பொறுமையையும் அதிகம் வாங்கியது மாணவர் தலைமைத்துவ மாநாட்டுக்காகச் செய்த காட்சிப் பலகைதான். ஆகவே மீதி அறிக்கை அதைப் பற்றியே.

மாநாட்டில் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு மேசை. அதன்மேல் நிறுத்த மூன்று மடிப்புப் பலகை வாங்கினோம். உயரம் 36 அங்குலம். விரித்தால் அகலம் 48. நடுப்பகுதி 24, இரு பக்கமும் தலா 12. முதல் வரைவை எழுதியவன் நான். சங்கத்தின் வரலாறு, நோக்கங்கள், முன்னாள் தலைவர்களின் படவரிசை என்று ஏறக்குறைய 900 சொற்கள். மாணவர் பிரிவுப் பெண் ஒருவர் அதைச் சுவரில் ஒட்டி, ஐந்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சார், இதுல முழுக்க நாமதான் இருக்கோம். பார்க்க வர்றவங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பதில் இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் வெட்டும் வேலைதான். வரலாறு போயிற்று, படவரிசையும் போயிற்று. (அதில் இருவருக்கு இன்னும் வருத்தம் என்று அறிவேன், முடிவு என்னுடையது, மாணவர்களைக் கோபிக்க வேண்டாம்.) மிஞ்சியவை 150 சொற்களும் நான்கு படங்களும். தலைப்பில் சங்கத்தின் பெயருக்குப் பதிலாக ஒரு கேள்வி வைத்தோம்: "கூட்டத்தில் பேசத் தயங்குபவர் தலைவராக முடியுமா?" கீழே 'முடியும்', 'முடியாது' என்று இரண்டு கட்டங்கள், பதிலை ஒட்ட வட்ட ஸ்டிக்கர்கள்.

மேசையின் உயரம் 30 அங்குலம். பலகையின் உச்சி தரையிலிருந்து 66 அங்குலத்தில், அதாவது ஐந்தரை அடியில் நிற்கும். எனவே நிற்பவரின் பார்வை விழுவது மேல்பாதியில்தான். முக்கியமானதை மேலே வைத்து, அடிப்பகுதியைத் துண்டறிக்கைகளுக்கு விட்டோம். பத்தடி தொலைவிலிருந்து படிக்க எழுத்து ஓர் அங்குல உயரமாவது வேண்டும் என்பது பொதுக்கணக்கு. தமிழுக்கு இன்னொரு சிக்கல்: மெல்லிய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி தூரத்தில் மறைந்துவிடுகிறது. 'கல்வி'யில் புள்ளி மறைந்தால் என்ன ஆகும் என்று இந்தச் சபையில் விளக்கத் தேவையில்லை. தடித்த எழுத்துருவுக்கு மாறினோம்.

அச்சுக்குக் கொடுத்தபோது மாதிரித்தாளில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக வந்தன. நாம் கொடுத்தது யூனிகோட்; அவர்கள் திறந்த பழைய மென்பொருளுக்கு அது பிடிபடவில்லை. எழுத்துருவை உள்ளே பதித்த பி.டி.எஃப். கோப்பாகக் கொடுத்ததும் சரியாயிற்று. மாதிரித்தாள் கேட்காமல் அச்சிடச் சொல்லியிருந்தால் அவ்வளவுதான். படங்களிலும் அடி வாங்கினோம். கைபேசி வழியே கைமாறி வந்த படங்கள் சுருங்கியிருந்தன. 1200 பிக்சல் அகலப் படத்தை அங்குலத்துக்கு 150 என்ற கணக்கில் அச்சிட்டால் 8 அங்குலம்தான் தேறும். அதற்குமேல் இழுத்தால் முகம் கரைந்துவிடும். மூலப்படங்களைக் கேட்டு வாங்கினோம். படத்தில் இருந்த சிறுவர்களின் பெற்றோரிடம் எழுத்து மூலம் சம்மதம் பெற்ற பிறகே ஒட்டினோம்.

க்யூ.ஆர். கோடு முதலில் வேலை செய்யவில்லை. அழகுக்காக அதை ஒட்டியே கட்டம் போட்டிருந்தோம். அதைச் சுற்றி, உள்ளிருக்கும் சிறு சதுரத்தைப் போல் நான்கு மடங்கு வெற்றிடம் விட வேண்டுமாம். கட்டத்தை எடுத்ததும் வேலை செய்தது. ஆனால் மாநாட்டு மண்டபத்தில் சிக்னலே இல்லை! கையில் இருந்த துண்டறிக்கைகள்தான் மானத்தைக் காப்பாற்றின. பளபளப்பான லேமினேஷன் என் யோசனை. விளக்கு வெளிச்சம் பட்டு, இடப்பக்கம் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த முறை மங்கல் பூச்சுதான்.

மதியத்துக்குள் 'முடியும்' கட்டம் நிரம்பி, ஸ்டிக்கர்கள் ஓரத்துக்கு வழிந்தன. நான் கவனித்தது 'முடியாது' பக்கம். அங்கே ஒட்டியவர்கள்தான் நின்று வாதாடினார்கள். அவர்களில் மூவர் இப்போது நம் வகுப்புகளுக்கு வருகிறார்கள்; ஒருவர் இன்னும் தன் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை.

பலகை அலுவலக அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு மடிப்பு கிழிந்துள்ளது, டேப் போதும். அடுத்த ஆண்டுப் பலகையின் முதல் வரைவை மாணவர் பிரிவே எழுதட்டும் என்ற முன்மொழிவோடு இந்த அறிக்கையைச் சபையின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்