பழைய கடைத்தெருவில் புதுக் கடை வைக்கிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடியில் கல்லுக்கட்டி, அம்மன் சன்னதிப் பக்கம் பூட்டிக் கிடந்த பழைய கடைகளைத் தூசு தட்டித் திறக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் முகப்புக்கு வர்ணம் அடித்த படத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தக் கடை இரண்டாம் வருஷ வாடகையைக் கட்டுமா என்பது உள்ளே இருக்கும் சரக்கைப் பொறுத்தது. வெளியூர்க்காரர்களை மட்டும் நம்பிச் சரக்கு போட்டால் கட்டாது.

கணக்குக்காக ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். வாடகை 12,000, மின்சாரம் 2,500, ஒரு ஆள் சம்பளம் 10,000, பை, போன், சில்லறைச் செலவு 2,500. கடைக்காரர் வீட்டுக்கு 18,000 எடுக்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 45,000. விற்கிற நூறு ரூபாயில் 25 நிற்குமானால் மாதம் 1,80,000-க்கு விற்றாக வேண்டும். 26 நாள் திறந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 6,900. மார்கழி, தையில் சனி ஞாயிறு அது தானாக வரும். பங்குனி வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கிருந்து வரும்? அன்றைக்குக் கடைக்கு வருகிறவர் நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவர்தான். அவருக்கு வேண்டியது பித்தளைக் குத்துவிளக்கு இல்லை.

பழைய சாமானில் லாபம் அதிகம் என்பார்கள். 20,000 போட்டு வாங்கிய பித்தளை 40,000-க்கு விற்கும், உண்மைதான். ஆனால் விற்றுத் தீர ஒரு வருஷம் ஆகலாம். அதே 20,000-ஐப் பலகாரத்தில் போட்டு, நூற்றுக்கு இருபது வைத்து, மாதம் இரண்டு சுற்று விற்றால் சுற்றுக்கு 4,000, மாதம் 8,000, வருஷத்துக்கு 96,000. எங்கள் கணிப்பில், போடும் முதலீட்டில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளூர் ஆட்கள் வாங்கும், சீக்கிரம் சுற்றும் சரக்கில் இருக்க வேண்டும். மிச்சத்தில்தான் பனை ஓலைக் கொட்டான், கண்டாங்கிச் சேலை, பழைய எனாமல் பாத்திரம் எல்லாம். கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கேட்டு வருகிறவர்கள் உண்டு. விசைத்தறி நகலைக் கைத்தறி என்று சொல்லி ஒரு தடவை விற்றுவிட்டால் அவர்கள் மறுபடி வரமாட்டார்கள்.

பலகாரத்துக்கும் பக்குவம் உண்டு. கண்ணாடி ஜாடியில் நிரப்பி வெயில் படும் முகப்பில் அடுக்கினால் பார்க்க அழகு, ஆனால் வெளிச்சமும் சூடும் எண்ணெயைச் சீக்கிரம் காறவைத்துவிடும். பார்வைக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு மீதியை இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் உள்ளே வையுங்கள். தேங்காய்ப்பால் விட்ட சீப்புச் சீடை தேங்குழலுக்கு முன்பே கெடும். வெல்லப்பாகு சேர்த்த மனகோலம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நமுத்துவிடும். மழைக் காலத்தில் அதைக் கால் கிலோவாகக் கட்டி வைப்பதே சரி. பாக்கெட்டில் செய்தவர் முகவரி, எடை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு எண் இல்லாமல் விற்கக் கூடாது. மின்னணுத் தராசுக்கு வருஷம் ஒரு முறையும், படிக்கல்லுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும் முத்திரை போட வேண்டும்.

கட்டடத்துக்கு வருவோம். இங்கேதான் பணம் வீணாகப் போகிறது. பழைய கடைச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். அடியில் ஈரம் ஏறி உப்புப் பூத்தவுடன் கொத்தனாரைக் கூப்பிட்டு நாலடிக்குச் சிமெண்டு பூசுகிறார்கள். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் அதற்கு மேலே ஏறி ஐந்தாவது அடியில் உப்புப் பூக்கும். இரண்டொரு மழைக்குப் பிறகு சிமெண்டுப் பூச்சு தனியாகக் கழன்று, பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். பூச்சைக் கொத்தி எடுத்து, மாசி முதல் சித்திரை வரை சுவரைக் காயவிட்டு, குறைந்தது இரண்டு வாரம் நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரைப் பங்கு சேர்த்துப் பூச வேண்டும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஈரமாக வைக்க வேண்டும். மேலே அடிக்கவும் சுண்ணாம்பே போதும், பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம். இதற்குக் கொத்தனார் கூலி கூடும், நாளும் கூடும். திரும்பத் திரும்பச் சிமெண்டு பூசுவதைவிட மலிவு.

சுண்ணாம்புச் சுவரில் துளை போட்டுப் போல்ட் அடித்து அலமாரி மாட்டினால் பிடிமானம் இருக்காது. தரையில் நிற்கும் இரும்பு ரேக் வாங்குங்கள். சுவரிலிருந்து மூன்று அங்குலமும் தரையிலிருந்து ஆறு அங்குலமும் விட்டால் கரையான் ஏறுவது கண்ணில் படும். ரேக் காலுக்கு அடியில் பலகை கொடுக்க மறந்தால் தரையில் பதித்த ஆத்தங்குடி கல் கீறிப்போகும். அந்தக் கல் சூளையில் சுட்டது இல்லை, கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்த சிமெண்டு. ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் போய்விடும். வெறும் தண்ணீரும், எப்போதாவது துணியில் தொட்ட தேங்காயெண்ணெயும் போதும்.

வீட்டின் முன்பகுதியைக் கடையாக்குகிறவர்கள் மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. சோதனையில் பிடிபட்டால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி இரட்டைக் கட்டணம்.

வாடகை ஒப்பந்தத்தில் நம் ஊருக்கே உரிய சிக்கல் பங்காளிகள். ஒரு கடை ஏழெட்டுப் பேருக்குப் பாத்தியமாக இருக்கும், சாவி ஒருவரிடம். அவர் மட்டும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை நம்பி ரேக்கும் வயரிங்கும் செய்த பிறகு சென்னையிலிருந்து இன்னொரு பங்காளி வந்து நிற்பார். எல்லாரிடமும் கையெழுத்து, இல்லையென்றால் எழுத்தில் சம்மதம் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரையில் முன்பணம் மூன்று மாத வாடகைதான். பத்து மாதம் கேட்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

முனீஸ்வரன் கோவில் தெருவைப் பார்த்துவிட்டுப் பழம்பொருள் கடை வைக்க நினைப்பவர்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. நூறு வருஷம் ஆன சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள். ஓலைச்சுவடிக்கு 75 வருஷம் போதும். இவற்றை வாங்கி விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. கவனிக்க வேண்டியது, அந்தக் கோடு வருஷா வருஷம் நகர்கிறது. 1920-களில் வீடு கட்டியபோது வந்த சாமான்கள் இப்போது நூறைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. நேற்றுத் தாராளமாக விற்ற மரவேலை நாளை உரிமத்துக்குள் வந்துவிடலாம்.

வெளிமாநிலத்துக்குக் கூரியரில் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. ஜிஎஸ்டியில், மொத்த விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் மாநிலம் தாண்டி விற்க முடியாது. பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் அரைக் கிலோ முறுக்கு ஆர்டரும் அதில் அடங்கும்.

கடைசியாக மாநகராட்சிக்கு. 2024-இல் மாநகராட்சி ஆன ஊரில் அலங்கார விளக்கை விட அவசரமான வேலைகள் இருக்கின்றன. சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவதால் ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது, கடை வாசற்படி பள்ளமாகிறது, மழைத் தண்ணீர் நேரே சரக்கு அறைக்குள் வருகிறது. முதலில் சுரண்டிவிட்டுப் போடுங்கள். வாய்க்கால் மூடியை நீளமாக வார்த்து ஒட்டிவிடாமல், இரண்டு பேர் தூக்கக்கூடிய பலகைகளாகக் கடைக்கு ஒன்று வீதம் போட்டால்தான் ஐப்பசிக்கு முன் தூர் வார முடியும். சரக்கு வண்டிக்குக் காலை பத்து மணிக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் இருசக்கர வாகனம் நிற்காத இடம் ஒன்றைத் தெருவுக்குத் தெரு கோடு போட்டுக் கொடுங்கள். பகல் பன்னிரண்டுக்கு லாரி நின்றால் அந்த வரிசையில் எந்தக் கடைக்கும் ஆள் வர முடிவதில்லை.

இப்படிக்கு,
கடைத்தெருச் சிறு வியாபாரிகள் சிலர்,
காரைக்குடி