கோடை விடுமுறையில் கணக்கு: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். விடுமுறைத் தமிழ் வகுப்பில் இந்த மாதம் கணக்குக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளைகள் பர்மியப் பள்ளியில் சூத்திரங்களை நன்றாகவே படித்து வருகிறார்கள். ஆனால் கடைக்காரர் விலை சொன்னதும் கை தானாகப் போனைத் தேடுகிறது. இதை வகுப்பில் மட்டும் சரிசெய்ய முடியாது, உங்கள் உதவியும் வேண்டும்.

சந்தைக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப் போங்கள். வெங்காயம் ஒரு வீசை 3,200 கியாட் (பர்மியப் பணம்) என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேண்டியது 35 டிக்கல், அதாவது வீசையின் நூறில் 35 பங்கு. 35-ஐ 3,200-ஆல் பெருக்கத் தொடங்கினால் பிள்ளை நடுவழியில் தடுமாறும், கடைசியில் 100-ஆல் வகுக்கவும் மறந்துவிடும். வீசைக்கு 100 டிக்கல் என்பதால் அதை உடைத்துப் பார்ப்பதே சுலபம்: 25 டிக்கல் கால் வீசை, அதற்கு 800. 10 டிக்கலுக்கு 320. மொத்தம் 1,120 கியாட். 60 டிக்கல் என்றால் அரை வீசையும் பத்து டிக்கலும். காலும் அரையும் பத்தில் ஒன்றும் கைவசம் இருந்தால் சந்தைக் கணக்கில் பெரும்பாலானவை முடிந்துவிடும்.

சூப்பர் மார்க்கெட்டில் கிலோ விலை, சந்தையில் வீசை விலை. இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். ஒரு வீசை 3.6 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.633 கிலோ. வீசை விலையில் பத்தில் ஆறு பங்கு எடுத்தால் கிலோ விலை கிட்டத்தட்ட வந்துவிடும். 3,200-க்கு 1,920. சரியான விடை 1,960, இரண்டு சதவீதம்தான் வித்தியாசம். பிள்ளைகள் செய்யும் தவறு வேறு: வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கி, கிலோ 5,200 என்பார்கள். விடையைக் கேட்பதற்கு முன் “கிலோ பெரிதா, வீசை பெரிதா?” என்று கேளுங்கள். கிலோ சிறியது, ஆகவே அதன் விலை குறைந்தே வர வேண்டும். இந்த ஒரு கேள்வியே பாதித் தவறுகளைப் பிடித்துவிடும்.

அரிசி அளவு பாதி பாதியாகப் பிரியும். எட்டு பால்டின் (பால் டப்பா அளவு) ஒரு பிய் என்னும் படி, பதினாறு பிய் ஒரு கூடை. எனவே கால் பிய் என்றால் இரண்டு டின், அரைக்கால் (எட்டில் ஒன்று) பிய் ஒரு டின், கூடையில் மாகாணி (பதினாறில் ஒன்று) ஒரு பிய். பாட்டி சொல்லும் அரைக்காலும் மாகாணியும் இந்த அளவுகளோடு அப்படியே பொருந்துகின்றன. பிள்ளைகள் அவற்றை வீட்டில் காதால் கேட்கட்டும். ஒரு கூடைக்கு எத்தனை டின் என்று கேளுங்கள்: 128. தங்கக் கடை எடையிலும் ஒரு டிக்கலுக்கு 16 ‘பெ’, ஒரு ‘பெ’க்கு எட்டு ‘யுவே’, மொத்தம் அதே 128. இதைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

கோயில் அன்னதானத்துக்கு ஆளுக்கு அரை டின் அரிசி என்றால், 120 பேருக்கு 60 டின், அதாவது ஏழரை பிய். தட்டு மீண்டும் நீளும் என்பதால் எட்டு பிய் போடுங்கள். தண்ணீருக்கு இந்த விகிதக் கணக்கு அப்படியே பொருந்தாது. வீட்டுச் சட்டியில் ஒன்றுக்கு இரண்டு ஊற்றுபவர் அண்டாவிலும் அதே விகிதத்தில் ஊற்றினால் சோறு குழைந்துபோகும். ஆவியாகிப் போகும் தண்ணீர் அரிசி பெருகும் அளவுக்குப் பெருகுவதில்லை. சூத்திரம் எங்கே நிற்கும், எங்கே நழுவும் என்று காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. சமையல்காரரைக் கேட்கச் சொல்லுங்கள்.

பிறந்த கிழமை தெரியாத வீடு இங்கே அரிது. அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 365 நாள், ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே அதே தேதி ஆண்டுக்கு ஒரு கிழமை தள்ளிப் போகும், நடுவில் பிப்ரவரி 29 வந்தால் இன்னொன்று கூடும். பர்மா விடுதலை பெற்ற 1948 ஜனவரி 4 ஞாயிற்றுக்கிழமை. 2024 ஜனவரி 4 வரை 76 ஆண்டுகள். இடையில் வந்த பிப்ரவரி 29-கள், 1948-இலிருந்து 2020 வரை, 19. கூட்டினால் 95, ஏழால் வகுத்தால் மீதி 4. ஞாயிறிலிருந்து நான்கு தள்ளினால் வியாழன். தவறு வருவது பெரும்பாலும் இரண்டு முனைகளில்: 1948-இன் பிப்ரவரியை விட்டுவிடுவார்கள், அல்லது இன்னும் வராத 2024-இன் பிப்ரவரியைச் சேர்த்துவிடுவார்கள். பர்மிய ஆண்டு இதைவிட எளிது: ஆங்கில ஆண்டில் 638 கழிக்க வேண்டும், ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டான திஞ்சானுக்கு முன் பிறந்தவர்களுக்கு 639.

விடை தவறினால் உடனே திருத்த வேண்டாம். “எப்படி வந்தது?” என்று கேட்டு, சொல்லி முடிக்கும்வரை பொறுங்கள். போனில் சரிபார்ப்பது அதற்குப் பிறகுதான்.

ஞாயிறு வகுப்புக்கு ஒவ்வொரு பிள்ளையும் அந்த வாரம் வாங்கிய மூன்று பொருள்களின் வீசை விலையையும் கிலோ விலையையும் எழுதிக்கொண்டு வரட்டும். கணக்குப் போட்ட அடித்தல் திருத்தலோடு வந்தாலே போதும், நகல் எடுத்து அழகாக எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்