தாழி செய்பவரைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜார்ஜியாவின் பழைய சிவப்பு ஒயின் மறுபடி தலையெடுத்து வருவது பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவன் நான், ஒரு வரி விடவில்லை. திராட்சை பற்றி இருந்தது, சுவை பற்றி இருந்தது, 8,000 ஆண்டு வரலாறும் இருந்தது. ஒயின் ஊறும் தாழியைச் செய்கிறவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மண்பாண்டம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் அது மனதை உறுத்தியது.

முதலில் ஒரு திருத்தம். அந்தத் தாழியை 'ஆம்போரா' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆம்போரா கைப்பிடி வைத்தது, தூக்கிச் செல்வதற்கானது. இதன் பெயர் க்வெவ்ரி. கழுத்துவரை மண்ணில் புதைத்துவிட்டால் அப்புறம் அசைக்கவே மாட்டார்கள்.

மூன்றாம் வருடம் அறுவடை சமயத்தில், நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா கிழக்கு ஜார்ஜியாவின் காகேதிப் பகுதியிலுள்ள தன் ஊருக்கு என்னை அழைத்துப் போனார். 'மரானி' என்ற ஒயின் அறைக்குள் நுழைந்தால் தரையில் வட்ட வட்டமாகத் தாழிகளின் வாய் மட்டும்தான் தெரிந்தது. சாப்பெராவி திராட்சையை மிதித்து, தோலும் விதையுமாக உள்ளே ஊற்றினார்கள். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளுக்குத் தோலில்தான் நிறம். சாப்பெராவிக்குச் சாறே சிவப்பு. சாயம் என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள். திபிலிசிக்குத் திரும்பிய பிறகும் என் விரல்களில் கறை போகவில்லை.

ஈஸ்ட் எதுவும் சேர்க்கவில்லை, பழத்தோலில் இருப்பதே போதும் என்றார்கள். இரண்டே நாளில் நுரைத்துப் பொங்கியது. மேலே மிதந்து வரும் தோலைத் தினமும் பலமுறை கட்டையால் உள்ளே அழுத்த வேண்டும். என் கையிலும் கட்டையைக் கொடுத்தார்கள். ஆர்வத்தில் குனிந்தபோது வீட்டுப் பெரியவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். உள்ளிருந்து வரும் கரியமில வாயுவில் மயங்கி விழுந்தால் உயிரே போய்விடும்.

தாழியின் அடி ஏன் கூம்பியிருக்கிறது என்பதையும் அவர்தான் காட்டினார். விதைகள் அந்தக் கூரிய அடியில் போய்த் தங்கிவிடும், தோல் அதன்மேல் படியும், ஒயினில் கசப்பு குறையும். சுற்றியுள்ள மண் சூட்டை அளவாக வைத்திருக்கும். இவ்வளவு யோசித்துச் செய்த பாத்திரம் அது!

மறுநாள் தெலாவி நகருக்குப் பக்கத்திலுள்ள வர்திசுபானி கிராமத்துக்குப் போனோம். அங்கே சக்கரம் இல்லை. களிமண்ணைத் திரித்து, வளையம் வளையமாக வைத்து, கையால் எழுப்புகிறார்கள். ஒருநாளில் சில அங்குலம்தான் ஏற்றலாம். அது இறுகாமல் அடுத்ததை வைத்தால் சுவர் சரிந்துவிடும். ஆள் உயரத்துக்கும் மேலான தாழிக்கு மாதக்கணக்கில் ஆகும். பிறகு விறகுச் சூளையில் ஏறக்குறைய ஒரு வாரம் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உட்புறம் தேன்மெழுகு பூசுகிறார்கள். எங்கள் வீட்டுச் சூளை ஒரே ராத்திரி எரியும், அப்போதே அப்பா கண் மூட மாட்டார். அங்கே ஏழு ராத்திரி.

சோவியத் காலத்தில் தொழிற்சாலைகளின் பெரிய தொட்டிகள் வந்ததும் தாழி வாங்குவோர் குறைந்தார்கள். 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினைத் தடை செய்தபோது வேறு நாடுகளில் சந்தை தேட வேண்டியதாயிற்று, பழைய முறைக்கும் மதிப்பு கூடியது. 2013இல் யுனெஸ்கோ க்வெவ்ரி முறையைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இந்தப் பெரிய தாழியைச் செய்யத் தெரிந்த குடும்பங்கள் இன்று மிகச் சிலவே. திராட்சைக் கொடியை மறுபடி நட்டுவிடலாம், அந்தக் கைகளை எங்கே போய்த் தேடுவது?

நீங்கள் எழுதிய 8,000 ஆண்டுக்கான சான்றும் பானை ஓட்டிலிருந்து வந்ததுதான். ஜார்ஜியாவில் கதாச்ரிலி கோரா என்ற அகழாய்வு இடத்தில் கிடைத்த ஓடுகளில் திராட்சையின் அமிலம் ஒட்டியிருந்ததை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

தொடர் கட்டுரை வரும் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அதில் வர்திசுபானிச் சூளையின் படம் ஒன்றாவது போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்